இரண்டு சீட்டு, ஓர் உடல்

வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாய்ன் உட்கொள்பவருக்குக் காசநோய்த் தடுப்புக்காக ஐசோனியசிட் தொடங்கினால், ஃபெனிட்டாய்னின் அளவு இரத்தத்தில் நச்சு எல்லைவரை ஏறக்கூடும். மாத்திரையின் எண்ணிக்கை மாறியிருக்காது. நோயாளி வேளை தவறியிருக்க மாட்டார். மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக அறிந்த ஆபத்து இது.

ஃபெனிட்டாய்ன் பயன்தரும் எல்லை குறுகியது: மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் திறனுக்கும் வரம்பு உண்டு. வரம்பை எட்டியபின் சிறிது கூடினாலும் மருந்து பெருமளவில் தேங்கும். ஐசோனியசிட் அந்த நொதிகளையே தடுக்கிறது. ஐசோனியசிட்டை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு கொண்டோருக்கு ஆபத்து அதிகம். இந்தியரில் பாதிப்பேருக்கு மேல் அவ்வகையினரே. மற்றொரு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதற்கு நேரெதிர். அது ஃபெனிட்டாய்னின் அளவைக் குறைத்து, அடங்கிய வலிப்பை மீண்டும் வரவழைக்கும். இரண்டும் சேர்ந்த சிகிச்சையில் அளவு ஏறுமா இறங்குமா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

நச்சின் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. நடை தள்ளாடும், பேச்சு குழறும், கண்மணி துடிக்கும். பார்ப்பவர் குடிபோதை என்பர். வலிப்பு முற்றியதாகக் கருதி மாத்திரையைக் கூட்டிவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும்.

நுரையீரல் காசநோயாளியின் வீட்டார் அனைவருக்கும் தடுப்பு மருந்து என்று 2021இல் தேசிய வழிகாட்டுதல் விரிவடைந்தது. அது சரியான முடிவு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வீட்டாரில் வலிப்பு நோயாளியும் இருப்பார். அவருடைய வலிப்புச் சீட்டு ஒரு பிரிவில், தடுப்பு மருந்து இன்னொரு பிரிவில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று சுகாதார நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடைக்கும் பொறுப்பு உண்டு. பூஞ்சைத் தொற்றுக்குக் கேட்டவுடன் எடுத்துத் தரப்படும் ஃபுளூகோனசோலும் ஃபெனிட்டாய்னின் அளவை உயர்த்தும். மருந்துகளின் இடைவினை பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி விதிமுறைகள் கூறுகின்றன. மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் விற்பனையாளர் மாத்திரை எடுத்துக் கொடுத்தால் அக்கடமையை நிறைவேற்ற ஆளில்லை. கடைக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகள் இதைச் சோதிக்க வேண்டும்.

நோயாளிகளுக்கு ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறோம்: அச்சத்தால் வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும், எந்தக் கடையில் வாங்கினாலும் பழைய சீட்டைக் காட்ட வேண்டும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பவை மூன்று. தடுப்பு மருந்து தொடங்கும் அட்டையில் வலிப்பு மருந்து பற்றிய கேள்வி இடம்பெற வேண்டும். ஃபெனிட்டாய்ன் அளவுப் பரிசோதனை மாவட்ட அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். காசநோய் மருந்து முடியும்போதும் அந்தப் பரிசோதனை நடக்க வேண்டும். ரிஃபாம்பிசின் நின்ற சில வாரங்களில், அதை ஈடுகட்டக் கூட்டிய ஃபெனிட்டாய்ன் அளவே நஞ்சாகிவிடும்.