கோடு போடும் முன் பள்ளம் பாருங்கள்!

புறநகரில் மனை வாங்கும் நடுத்தர மக்கள் பெரும்பாலும் கோடையில்தான் இடம் பார்க்கிறார்கள். இலவச வேன், மதியச் சாப்பாடு, நாலு கலர் கொடி, சுண்ணாம்பு அடித்த கற்கள். பி.எப். பணத்தை எடுத்து அட்வான்ஸ் கொடுத்து விட்டு வருகிறார் குமாஸ்தா. ஐப்பசி பிறந்ததும் அதே மனையில் முழங்கால் தண்ணீர்!

முடிச்சூர், வேளச்சேரிக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015-ம் ஆண்டு டிசம்பரில் மொட்டை மாடியில் நின்றவர்கள் அவர்கள்.

"அப்ரூவ்டு பிளாட்தான் சார், பயப்படாதீங்க" என்பார் தரகர். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் ஐகோர்ட்டு தடை போட்ட பிறகு, இந்த ஒரு வார்த்தைக்குத் தனி மவுசு. ஆனால் அங்கீகாரம் வேறு, தண்ணீர் நிற்காத இடம் வேறு. தாழ்வான இடம் என்றால் பல நேரம் "மண் கொட்டி உயர்த்து" என்பதோடு சரி. இவர் உயர்த்தினால் தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பங்கரைக்குத்தான்!

புலப்படத்தில் இல்லை

சர்வேயர் தரும் புலப்படத்தில் எல்லைக் கல் உண்டு, நீளம் உண்டு, உட்பிரிவு உண்டு. மேடு பள்ளம் கிடையாது. ஏரிக்கு வரும் கால்வாய் புறம்போக்காக இருந்தால் படத்தில் தெரியும். பட்டா நிலத்துக்குள் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் பள்ளம் தெரியாது. அதன் மேல் நேராகக் கோடு கிழித்து "மனை எண் 47" என்று எழுதி விடுகிறார்கள்.

இத்தனைக்கும் நில அளவைக்குப் பேர் போன ஊர் இது. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான். 1802-ல் லாம்ப்டன் துரை இந்தியாவை அளக்க அடிக்கோடு போட்டது பரங்கிமலைப் பக்கத்தில். அந்த ஊரில், பத்து ஏக்கருக்கு லெவல் எடுக்க ஆள் இல்லையா? கருவியும் ஸ்டாப் கம்பும் இருந்தால் சில நாளில் முடிகிற வேலை. பள்ளத்தில் கட்டிவிட்டு ஆண்டுதோறும் மோட்டார் வைத்து இறைப்பதைவிட இது மலிவு.

வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் லெவல். அடுத்து ஓடை, குட்டை, பெரிய மரம் ஆகியவற்றைக் குறித்து ஒதுக்குவது. பிறகு வீடுகளுக்கு மேட்டு நிலம், அப்புறம் சாலை. மனை எல்லைக் கோடு கடைசியில்தான். அமெரிக்காவில் ராண்டல் ஆரெண்ட் என்ற திட்ட வல்லுநர் 1996-ல் புத்தகமே எழுதி வலியுறுத்திய வரிசை இது. நம்மூர் பெரியவர்கள் புத்தகம் இல்லாமலே மேட்டில் ஊரையும் பள்ளத்தில் ஏரியையும் வைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

கணக்கு என்ன?

பத்து ஏக்கர் என்பது 4,35,600 சதுர அடி. சாலைக்கு முப்பது சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். மீதியில் பத்து சதவீதம் விதிப்படி பூங்காவுக்கு. அது 70 சென்ட். மிச்சத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி வீதம் 114 மனை. அதே 114 மனையை 1,800 சதுர அடியாகப் போட்டால், கூடுதலாக 1 ஏக்கர் 59 சென்ட் மிச்சம். பூங்காவோடு சேர்த்தால் இரண்டே கால் ஏக்கருக்கு மேல். ஓடையும் குட்டையும் தாராளமாக இருக்கலாம். ஒரு குடும்பத்துக்குக் கூட மனை குறையாது.

"சதுர அடிக்குத்தானே காசு, ஒன்றரை ஏக்கரை விட்டால் நான் என்ன ஆவது?" என்று மனை போடுபவர் கேட்பார். நியாயமான கேள்விதான். பள்ளத்தில் லாரி லாரியாகக் கொட்டும் மண் செலவு அவருக்கு மிச்சம். ஆனாலும் அது முழுதாக ஈடு கட்டாது. மேட்டு மனைக்குக் கொஞ்சம் விலை கூடும். மீதிக்கு அரசு கட்டணத்தில் சலுகை தரட்டும். வெள்ள நிவாரணம் என்று பிறகு கொடுப்பதை முன்னாலேயே கொடுத்த மாதிரி ஆகும்.

பதிலுக்கு அரசு ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். லெவல் குறித்த வரைபடம் இல்லாமல் எந்த லே-அவுட் மனுவையும் வாங்கக் கூடாது. பூங்காவுக்கென்று மூலையில் கிடக்கும் கோணல் துண்டைத் தள்ளிவிடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். தண்ணீர் தானாக வந்து நிற்கும் இடம் எதுவோ, அதுதான் பொது இடம் என்று மனுவிலேயே காட்டச் சொல்ல வேண்டும்.