பாத்திரம் கழுவும் இயந்திரம்: வாங்கும் முன் சிந்திக்க வேண்டியவை

 

மதரஸாவிற்குப் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றைப் பற்றியவை. அண்மைக் காலமாக அவற்றோடு வேறொரு கேள்வியும் வருகிறது. "பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கலாமா? அது வீண்விரயத்தில் சேராதா? அதில் கழுவினால் பாத்திரம் மார்க்க அடிப்படையில் சுத்தமாகுமா? வாங்குவதென்றால் எதை வாங்குவது?"

இக்கேள்வி நம் புதுச்சேரியில் எழுவதற்குக் காரணங்கள் உள்ளன. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் வழிவந்த உறவினர் பலர் பிரான்சில் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வரும்போது அங்குள்ள 'லாவ் வெஸ்ஸெல்' பற்றிப் பெருமையாகப் பேசுகின்றனர். 2020 ஊரடங்கின்போது வீட்டுவேலைக்கு எவரும் வர இயலாத நிலையில், நாடெங்கும் இந்த இயந்திரத்திற்குத் தேவை கூடியது. 2025 செப்டம்பர் 22 முதல் இதன் மீதான ஜிஎஸ்டி வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, முன்பு விலை கேட்டுத் திரும்பியவர்களும் இப்போது கடைக்குள் நுழைகின்றனர்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இது ஆகுமான ஒரு சாதனம். தேவையுள்ள குடும்பம் வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் விலை உயர்ந்தது எதுவோ அதுவே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டுத் தண்ணீருக்கும், பாத்திரங்களுக்கும், ஆட்களுக்கும் பொருந்துவதே சிறந்தது. அது தரும் ஓய்வு யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

சுமை யாருடையது?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றும் விடையளித்த செய்தி ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. இந்த ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஆனால் ரமளான் மாதத்தில் இஃப்தார் முடிந்ததும் நம் வீடுகளில் நடப்பது என்ன? கஞ்சிக் கோப்பைகளும் வடைத் தட்டுகளும் அடுக்களையில் குவிகின்றன. ஆண்கள் தராவீஹ் தொழுகைக்கு விரைகின்றனர். பெண்கள் பாத்திரத் தொட்டியின் முன் நிற்கின்றனர். ஸஹர் முடிந்தபின் மீண்டும் அதே நிலை.

"ஃபாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் கேட்டபோது நபியவர்கள் தஸ்பீஹைத்தானே கற்றுக்கொடுத்தார்கள்" என்று சில சகோதரர்கள் வாதிடுவதுண்டு. திருகை அரைத்துக் கைகள் நொந்துபோனதால் தம் மகளார் பணியாள் கேட்க, உறங்கும் முன் ஓத வேண்டிய திக்ருகளை நபியவர்கள் கற்றுத்தந்தது உண்மையே. அஹ்மதில் உள்ள அறிவிப்பில், திண்ணைத் தோழர்கள் பசியால் வாடும்போது தம் மகளுக்குத் தர இயலாது என்ற காரணமும் கூறப்படுகிறது. அதாவது, பசித்தவரின் உரிமையை நம் வசதிக்கு முன்னே வைக்க வேண்டும் என்பதே பாடம். பெண்களின் கைகள் நோக வேண்டும் என்பது அதில் இல்லை. வீட்டு வேலையில் தாமே பங்கெடுத்த தூதரின் வாழ்வை ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு செய்தியை மட்டும் பெண்களின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது நீதியன்று.

இயந்திரம் வந்துவிட்டால் சுமை தானே நீங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். எச்சத்தை வழித்தெறிவது, அடுக்குவது, எடுத்து வைப்பது, வடிகட்டியைக் கழுவுவது ஆகியவற்றை மனிதர்களே செய்தாக வேண்டும். அவ்வேலைகளும் உம்மாவின் தலையிலேயே விழுமானால் பெரிய பயனில்லை. அடுக்குவது மகனின் பொறுப்பு, எடுத்து வைப்பது வாப்பாவின் பொறுப்பு என்று முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாத்திரம் தூய்மையாகுமா?

இயந்திரம் ஒரே அழுக்கு நீரை இறுதிவரை சுழற்றுகிறது என்று சிலர் தவறாக எண்ணுகின்றனர். ஒவ்வொரு கட்டத்திலும் நீரைப் பீய்ச்சிக் கழுவி, அதை வெளியேற்றிவிட்டுப் புதிய நீரை எடுக்கிறது. இறுதி அலசல் புதிய நீரில்தான் நடைபெறுகிறது. மேலும், சோறும் குழம்பும் ஒட்டிய பாத்திரம் அழுக்கானதே தவிர நஜீஸ் அன்று. ஆகவே நம் வீட்டுப் பாத்திரங்களைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை. வெளிநாட்டில் பிற சமயத்தவரோடு சமையலறையைப் பகிர்ந்து வாழும் பிள்ளைகள், பன்றி இறைச்சி பட்ட பாத்திரங்களைப் பற்றித் தாம் பின்பற்றும் மத்ஹபின் ஆலிமிடம் தனியே கேட்டறிவது நல்லது.

தண்ணீர்க் கணக்கு

புதுச்சேரிக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், முத்திரையர்பாளையத்து நீர் நகருக்கு வந்ததன் நினைவாகவே மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது. இன்றும் நாம் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம். கடலோரப் பகுதிகளில் அதில் உப்பு ஏறிவருகிறது. ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், உளூச் செய்த தூதரின் உம்மத் நாம்.

முழு அளவிலான இன்றைய இயந்திரம் ஒருமுறை நிறையக் கழுவுவதற்குச் சுமார் 9 முதல் 12 லிட்டர் நீர் எடுக்கும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், அதே அளவு பாத்திரங்களைக் கையால் கழுவியவர்கள் சராசரியாக 100 லிட்டருக்கு மேல் செலவழித்தனர். இதைக் கடைக்காரர்கள் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பலர் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியவர்கள். இரண்டு வாளி நீரில் தேய்த்து அலசி முடிக்கும் நம் பாட்டிமார்களின் முறைக்கு அக்கணக்கு பொருந்தாது. ஆகவே குழாயடியில் கழுவும் பெரிய குடும்பத்திற்கு இயந்திரம் நீரை மிச்சப்படுத்தும். மூன்று பேர் உள்ள வீட்டில் பாதி நிறைந்த இயந்திரத்தை அன்றாடம் இருமுறை ஓட்டினால் அதுவே வீண்விரயம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

போஷ், சீமென்ஸ், ஐஎஃப்பி, எல்ஜி, ஃபேபர், வோல்டாஸ் பேக்கோ முதலிய நிறுவனங்களின் இயந்திரங்கள் இந்தியாவில் கிடைக்கின்றன. பெயரைப் பார்க்கும் முன் கீழ்க்காண்பவற்றைப் பாருங்கள்.

முதலாவது, தண்ணீர். கடினநீரை மென்மையாக்கும் அமைப்பு இயந்திரத்திற்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கென விற்கும் உப்பையே இட வேண்டும். சமையல் உப்பில் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கப்படும் பொருள்கள் அவ்வமைப்பைக் கெடுத்துவிடும். உங்கள் நீரின் கடினத்தன்மையை அளந்து, அதற்கேற்ப அளவை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். அவ்வமைப்பு சுண்ணாம்புத் தன்மையை நீக்குமே தவிர உவர்ப்பை நீக்காது. கிணற்று நீர் நாவில் உப்புக் கரித்தால் கண்ணாடிக் கோப்பைகளில் வெண்புள்ளிகள் படியும். எஃகுப் பாத்திரங்களில் துருப்புள்ளிகளும் தோன்றலாம். அத்தகைய வீட்டினர் நகராட்சிப் பகுதிக் குழாய்நீர் வரும் தொட்டியிலிருந்து இணைப்புக் கொடுப்பதே நல்லது. ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதில் உப்பு இன்னும் மிகுதி.

இரண்டாவது, நீரின் அழுத்தம். பல இயந்திரங்களுக்குக் குறைந்தது அரை பார் அழுத்தம் வேண்டும். அதாவது, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தைவிட ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் வசிப்போருக்குச் சிக்கலில்லை. மேல்மாடியில், தொட்டிக்கு நேர் கீழே சமையலறை உள்ளவர்கள் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். நீரைச் சூடாக்கும் பகுதி 2,000 வாட் அளவில் மின்சாரம் எடுப்பதால், எர்த் உள்ள 16 ஆம்பியர் இணைப்பும் தேவை.

மூன்றாவது, பாத்திரங்கள். '13 பேருக்கான இயந்திரம்' என்பது ஐரோப்பியச் சாப்பாட்டு மேசைக் கணக்கு. தட்டு, கோப்பை, கரண்டி ஆகியவற்றைக் கொண்டது. நம் தேக்சாவும் குழம்புச் சட்டியும் அதில் இல்லை. ஆகவே ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்திற்கு 60 சென்டிமீட்டர் அகலமுள்ள, 13 அல்லது 14 பேர் அளவு இயந்திரமே பொருந்தும். மேல்தட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் வசதி இருக்கட்டும். கடைக்குப் போகும்போது உங்கள் பெரிய சட்டியையும், உடன்பிறந்தோர் சேர்ந்து உண்ணும் சஹனையும் அளந்து அளவைக் குறித்துச் செல்லுங்கள். பெரிய சஹன் பெரும்பாலும் உள்ளே நுழையாது. அதைக் கையால்தான் கழுவ வேண்டியிருக்கும்.

அலுமினியம் கறுத்துவிடும். ஈயம் பூசிய பித்தளை, செம்பு, இரும்புத் தோசைக்கல், மண்சட்டி, மரக்கரண்டி, தங்கக்கரை போட்ட பீங்கான் ஆகியவற்றையும் உள்ளே வைக்கக் கூடாது. உங்கள் அடுக்களையில் பாதிக்கு மேல் இவைதாம் என்றால் இயந்திரம் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

நான்காவது, கழுவும் முறைகள். நெய்யும் எண்ணெயும் படிந்த பாத்திரங்களுக்கு 70 டிகிரி வெப்பத்தில் கழுவும் முறை அவசியம். அன்றாடத் தட்டுகளுக்குக் குறைந்த நீரும் மின்சாரமும் எடுக்கும் சிக்கன முறை போதும். அது மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓடக்கூடும். தராவீஹ் முடிந்து வந்தபின் இயக்கிவிட்டு உறங்கினால் ஸஹருக்குத் தட்டுகள் தயாராக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

உள்ளே வைக்கும் முன் தட்டுகளைக் குழாயில் அலச வேண்டியதில்லை. எலும்பையும் எச்சத்தையும் வழித்தெறிந்தால் போதும். தட்டில் உணவை மீதம் வைக்காமல் வழித்து உண்ணும் சுன்னத்தைப் பேணும் வீட்டில் இந்த வேலையும் மிகக் குறைவு.

ஐந்தாவது, பழுதுபார்ப்பு. புதுச்சேரிக்குள் வந்து சரிசெய்யும் ஆள் உண்டா என்று வாங்கும் முன் கேளுங்கள். பிரான்சிலிருந்து கொண்டுவரும் இயந்திரத்திற்குப் பொதுவாக இங்கே உத்தரவாதம் கிடைக்காது. மாதந்தோறும் சோப்பு வில்லை, உப்பு, அலசு திரவம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தவணை என்னும் வாசல்

முழு அளவு இயந்திரம் பெரும்பாலும் 35,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ளது. 'வட்டியில்லாத் தவணை' என்ற அறிவிப்பைக் கண்டு உடனே ஒப்பமிட வேண்டாம். வட்டியே இல்லாத இத்தகைய கடன் என்பது உண்மையில் இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2013-இல் சுட்டிக்காட்டியது. பல திட்டங்களில் வங்கி வட்டி வாங்குகிறது. அதே தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் கழிக்கிறார். வட்டியின் மீதான வரியும் ரசீதில் வந்து நிற்கிறது. அடுக்களையைத் தூய்மையாக்க வரும் பொருள் வட்டியின் வழியாக வீட்டிற்குள் நுழைய வேண்டுமா? சில மாதங்கள் சேமித்து ரொக்கமாக வாங்குங்கள்.

வேலைக்கு வரும் சகோதரியின் நிலை

இவை அனைத்தையும்விட என்னை உறுத்தும் ஒன்று உண்டு. இந்த இயந்திரத்திற்கு 1886-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜோசஃபின் காக்ரேன் என்னும் பெண்மணி. பணியாட்கள் கழுவும்போது தம் விலையுயர்ந்த பீங்கான்கள் உடைவதைப் பொறுக்க முடியாமலே அவர் இதை உருவாக்கினார் என்று கூறப்படுகிறது. பீங்கானைக் காக்கத் தோன்றிய கருவி, பிற்காலத்தில்தான் பெண்களின் கைகளைக் காக்க வந்தது.

நம் வீடுகளில் பாத்திரம் கழுவ வரும் பெண்கள் நான்கைந்து வீடுகளின் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள். இயந்திரம் இறங்கிய மறுநாளே "இனி வர வேண்டாம்" என்று சொல்வது எளிது. ஆனால் திண்ணைத் தோழர்களின் பசி முதலில் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கமும் இதுவே. அவருக்கு வேறு வேலை தந்து அதே சம்பளத்தைத் தொடருங்கள். இயலாவிட்டால், வேறு வீடு கிடைக்கும்வரை இரண்டு மூன்று மாதங்கள் அவகாசமும் சம்பளமும் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் நீங்களே அவருக்காகச் சொல்லி வையுங்கள். இந்தச் செலவையும் இயந்திரத்தின் விலையில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அதைத் தாங்க முடியாது என்றால் இந்த ஆண்டு வாங்காமல் இருப்பதே மேல்.

வேலைக்கு ஆள் இல்லாமல், முதியவர்களையும் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டு, ஏழெட்டுப் பேரின் பாத்திரங்களைத் தனியொருத்தியாகக் கழுவும் பெண்கள் நம் தெருக்களில் பலர் உள்ளனர். அத்தகைய மனைவிக்கோ உம்மாவிற்கோ வட்டியில்லாப் பணத்தில் வாங்கித் தருபவர் நன்மையே செய்கிறார். மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் குர்ஆன் ஓதட்டும், பிள்ளையோடு பேசட்டும், அல்லது சற்றே கண்ணயரட்டும். அதற்கு அவர் எவரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத்தையும், உழைப்பவர்பால் இரக்கத்தையும் நல்குவானாக! ஆமீன்.