தீ மூட்டியவர் மட்டும்தான் குற்றவாளியா?

ஜனவரி இரவுகளில் டெல்லியின் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். படிக்கவும் போராடவும் அங்கே போன தோழர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு தகர டின். அதற்குள் சுள்ளி, அட்டை, சில நேரம் பிளாஸ்டிக் எரிகிறது. சுற்றிலும் இரவுக் காவலாளி, ரிக்‌ஷா ஓட்டுபவர், விடியுமுன் தெருப் பெருக்க வந்த தூய்மைப் பணியாளர்.

அந்தப் புகை நஞ்சுதான். அதை நாம் நியாயப்படுத்தவில்லை. குளிர்காலத்தில் தரையோடு ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாததால் புகையும் கலையாமல் தங்கிவிடுகிறது. அதிலுள்ள பிஎம் 2.5 நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போய் இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் அவை காரணமாகின்றன. இந்தத் துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியாக உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்திய அரசின் வரம்பு 60. டெல்லியின் குளிர்காலம் அந்த 60ஐயும் பல மடங்கு தாண்டுகிறது.

குடிசைக்குள் நிலைமை இன்னும் மோசம். கதவைச் சாத்திக்கொண்டு 'அங்கீத்தி' எனும் கரியடுப்பைப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அது ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூங்கியவர்கள் எழுவதில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தச் செய்தி வருகிறது, நாமும் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

அரசு என்ன செய்கிறது? திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. காற்று மிக மோசமானால் பள்ளிகள் ஆன்லைனுக்கு மாறுகின்றன. அலுவலகங்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். துடைப்பத்தை வீட்டிலிருந்து பிடிக்க முடியுமா? டெல்லியின் தெருக்களைப் பெருக்குகிறவர்களில் பெரும்பாலோர் வால்மீகி சமூகத்தினர். சாதி கொடுத்த வேலை அவர்களைப் புகைக்குள் நிறுத்துகிறது. ஊருக்கு முகமூடி போடச் சொல்லும் நாளிலும் அவர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக்கான 'கிராப்' செயல்திட்டத்திலேயே, காவல், துப்புரவு, தோட்ட வேலை செய்யும் ஊழியர்களுக்குக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் மின் ஹீட்டர் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தீ மூட்டுவதைத் தடுக்கத்தான் அந்த விதி. அப்படியானால் வாசலில் எரியும் ஒவ்வொரு டின்னும் யாருடைய குற்றம்? குளிர்காய்ந்தவருடையதா, ஹீட்டர் கொடுக்காதவருடையதா?

அபராதம் போடும் விதி மட்டும் நினைவில் இருக்கிறது. ஹீட்டர் கொடுக்கும் விதி மறந்துபோகிறது. மறதிக்கும் இந்த நாட்டில் சாதி உண்டு.

டெல்லியில் இருக்கும் தோழர்களே, உங்கள் விடுதி வாசலிலிருந்தே தொடங்குங்கள். இரவுக் காவலாளிக்கு ஹீட்டர் இருக்கிறதா, அதைச் செருக மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெருக்க வருகிற அம்மாவுக்கு முறையான முகக்கவசம் தரப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். குடிசைப் பகுதிகளுக்குப் போகும்போது இரவில் கரியடுப்பை வெளியே வைக்கச் சொல்லுங்கள். கூடவே கம்பளியும் கொண்டுபோங்கள். கம்பளி இல்லாமல் சொல்லும் அறிவுரை குளிரைப் போக்காது.

நல்ல காற்று கேட்கும் இயக்கம், கதகதப்பையும் உரிமையாகக் கேட்க வேண்டும்.