தெருவோரம் நிற்கும் மின்சார வாகனங்கள்: இரவில் எங்கே சார்ஜ் செய்வது?

புதுதில்லி: மின்சார வாகனம் வாங்க 5 சதவீத ஜிஎஸ்டி மட்டுமே, பொது சார்ஜிங் நிலையம் அமைக்க மத்திய அரசின் மானியமும் உண்டு. ஆனால், வீட்டில் நிறுத்துமிடம் இல்லாமல் தெருவோரத்தில் வாகனத்தை நிறுத்துவோர் இரவில் எங்கே சார்ஜ் செய்வது என்ற கேள்விக்கு இந்தக் கொள்கைகளில் தெளிவான விடை இல்லை.

தில்லி லாஜ்பத் நகரின் மாடி வீடுகள், மும்பை கிர்காவின் பழைய சால் குடியிருப்புகள் போன்ற இடங்களில் வசிப்போரின் நிலை இதுதான். 30 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட காருக்கு, 15 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் 9 முதல் 10 மணி நேரம் போதும். 3 கிலோவாட்-மணி ஸ்கூட்டருக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. தேவைப்படுவது பெரும் மின்திறன் அல்ல. வாகனம் விடியும்வரை நிற்கும் இடத்தில் ஒரு மின் இணைப்பு.

அது கிடைக்காதபோது மாடியிலிருந்து நடைபாதையைக் கடந்து வயர் தொங்கவிடப்படுகிறது. சார்ஜிங்குக்கு நீட்டிப்பு வயரைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். மழைக்காலத்தில் அந்தத் தடையின் காரணம் யாருக்கும் விளங்கும். எனினும், தடைக்கு மாற்று வழி தரப்படவில்லை.

இதுவரை வந்த சலுகைகள் பெரும்பாலும் நிறுத்துமிடம் உள்ளவர்களுக்கே பயன்படுகின்றன. 2019-இல் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள், வாகன நிறுத்துமிடக் கொள்ளளவில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி தேவை என்றன. நிறுத்துமிடமே இல்லாத பழைய கட்டடத்துக்கு இதனால் பயனில்லை. வாகன சார்ஜிங்குக்குத் தனி மின் இணைப்பு பெறும் உரிமையை மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம் வழங்கியது. மின்மானியைப் பொருத்தவும் ஓர் இடம் வேண்டுமே!

பொது நிலையங்களைப் பொருத்தவரை இலக்குகள் பெரிதாகவே உள்ளன. நகரங்களில் 3 கி.மீ.க்கு 3 கி.மீ. பரப்பில் ஒரு நிலையம் என்று இருந்ததை, 2030-க்குள் 1 கி.மீ.க்கு 1 கி.மீ. என மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல்கள் மாற்றின. பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் ரூ.10,900 கோடியில் ரூ.2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கானது. திட்டமிடப்பட்டவற்றில் 22,100 கார்களுக்கான விரைவு சார்ஜர்கள். 48,400 இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கானவை, 1,800 பேருந்துகளுக்கானவை. விரைவு சார்ஜர் நெடுஞ்சாலைக்கும் வாடகைக் காருக்கும் ஏற்றது. குடியிருப்புத் தெருவுக்குத் தேவை குறைந்த வேகமுள்ள, மலிவான, எண்ணிக்கையில் மிகுந்த சார்ஜர்கள்.

கட்டணத்திலும் இவர்களுக்கே சுமை அதிகம். பொது நிலையங்களுக்கான மின் கட்டணம் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரங்களில் 1.3 மடங்கு என்கின்றன அதே வழிகாட்டுதல்கள். பகலில் மிகும் சூரியசக்தி மின்சாரத்தைப் பயன்படுத்துவதே நோக்கம், அது நியாயமானதே. ஆனால், பகலில் வேலைக்குச் சென்றுவிட்டு இரவில் திரும்புவோர் உயர் கட்டணத்தில் சிக்குகின்றனர். பொது நிலையச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை.

தெருவிளக்குக் கம்பத்தில் சார்ஜர் பொருத்தலாம் என்ற யோசனை எளிதாகத் தோன்றும். எல்இடிக்கு மாறியதால் ஒரு விளக்கில் மிச்சமாவது ஏறத்தாழ 100 வாட் மட்டுமே. ஒரு சார்ஜருக்குத் தேவை 3,300 வாட். எனவே, பல இடங்களில் புதிய கேபிள் பதிக்க வேண்டியிருக்கும். சார்ஜரின் விலை பெரிய தடையல்ல. ரூ.3,500 இலக்கு விலையில் உள்நாட்டு சார்ஜரை உருவாக்கும் முயற்சி 2021-இலேயே அறிவிக்கப்பட்டது.

தெரு யாருடையது என்பதே கடினமான கேள்வி. தில்லியில் 60 அடிக்கு மேல் அகலமுள்ள சாலைகள் பொதுப்பணித் துறையிடமும் உட்தெருக்கள் மாநகராட்சியிடமும் உள்ளன; மின் விநியோகம் தனியார் பங்கேற்புள்ள நிறுவனங்களிடம் உள்ளது. சார்ஜருக்கு முன்னுள்ள இடத்தில் வேறு கார் நின்றால் அதை அகற்றுவது யார் என்பதையும் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். உணவு விநியோக ஊழியர்களுக்கு பேட்டரி மாற்று நிலையங்கள் ஓரளவு கைகொடுக்கும்; கார் உரிமையாளர்களுக்கு அந்த வாய்ப்பு அரிது.

பிஎம் இ-டிரைவ் திட்டமும் மேற்கண்ட கட்டண ஏற்பாடும் 2028 மார்ச்சில் முடிவடைகின்றன. நிலையங்களுக்கான முன்மொழிவுகளில் பெட்ரோல் பங்க், ரயில் நிலையங்களோடு குடியிருப்புத் தெருக்களையும் மாநிலங்கள் சேர்க்க அதுவரையே அவகாசம் உள்ளது.