எக்ஸை எண்ணினா மட்டும் போதாதுங்க சாமி!

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச மேட்டர் இது. இங்க அமெரிக்காவுல நம்மாளுங்க நாலு பேர் கூடினா விசா, வீட்டு விலை முடிஞ்சதும் பசங்க கணக்குப் பாடத்துக்கு வந்துடுவாங்க. "நாலாங்கிளாஸ் பையனை பென்சில் அளந்து கோட்டு மேல எக்ஸ் போடச் சொல்றாங்கப்பா. அந்த வயசுல நாம எல்.சி.எம். போட்டோம்!"னு ஒரு நக்கல். அந்த நக்கலுக்குத்தான் இந்தப் பதிவு.

அவங்க கிண்டலடிக்கிற ஐட்டத்துக்குப் பேரு லைன் ப்ளாட். ஒரு எண்கோடு, ஒவ்வொரு அளவுக்கும் மேல ஒரு எக்ஸ், அவ்ளோதான். 2010-ல வந்த காமன் கோர் தரநிலைகள்படி மூணாவதுல கால் அங்குலம் வரைக்கும், நாலாவது அஞ்சாவதுல 1/8 வரைக்கும் போகும்.

சப்பை மேட்டரா? 4 1/2, 4 5/8, 4 3/4, 5 அங்குலத்துல பென்சில்கள் இருக்குன்னு வெச்சுக்குங்க. 4 3/4 மேல மூணு எக்ஸ். இதுல மூணுங்கிறது எத்தனை பென்சில்னு சொல்லுது, 4 3/4ங்கிறது எவ்ளோ நீளம்னு சொல்லுது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிற குழந்தை, "நீளமான பென்சில் எது?"ன்னா எக்ஸ் உயரமா அடுக்கின இடத்தைக் காட்டும். நீளமானது 5, அங்க ஒரே ஒரு எக்ஸ்தான். அப்புறம் 4 7/8-ல பென்சிலே இல்லாட்டியும் அந்த இடத்தைக் காலியா விடணும். 4 5/8 எங்க வரும்னு தெரிய, அரைன்னா 4/8னு புரிஞ்சிருக்கணும். பின்னமும் ஒரு எண்தான், அதுக்கும் கோட்டுல ஒரு இடம் உண்டுங்கிறதுதான் பாடமே.

இது புரியாட்டி என்னாகும்? 1978-ல அமெரிக்க தேசிய மதிப்பீட்டுத் தேர்வுல 13 வயசுப் பசங்ககிட்ட 12/13 + 7/8 தோராயமா எவ்ளோன்னு கேட்டாங்க. 1, 2, 19, 21னு சாய்ஸ். சரியா 2னு சொன்னது 24 சதவீதம்தான். பாதிக்கு மேல 19, 21னு அடிச்சாங்க. மேல இருக்கிறதைக் கூட்டு, இல்லாட்டி கீழ இருக்கிறதைக் கூட்டு! நம்ம எல்.சி.எம். வீரர் 104 கண்டுபிடிச்சு 187/104னு எழுதிடுவார், மார்க்கும் வாங்குவார். ஆனா ரெண்டுமே ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கு, அதனால விடை ரெண்டுக்குப் பக்கத்துலன்னு அவருக்குத் தோணுமா?

அஞ்சாவதுல இன்னும் அழகு. ஆறு டம்ளர்ல தண்ணி: 1/8, 1/8, 1/4, 1/4, 1/4, 1/2 கப். சமமா ஊத்தினா எவ்ளோ? மொத்தம் ஒண்ணரை, ஆளுக்கு கால். சராசரிங்கிற வார்த்தையே சொல்லாம சராசரியைக் கத்துக் குடுத்தாச்சு.

இதைக் கிண்டலடிக்கிற நமக்கு 1/8-க்கு என்ன பேரு தெரியுமா? அரைக்கால். காலுல பாதி. 3/8 காலே அரைக்கால். அளவு பேர்லயே இருக்கு. அதை வெச்சுக்கிட்டு "ஒண்ணு பை எட்டு"ன்னு ஒப்பிச்சது நாமதான்.

ஆபீஸ்ல நான் தினமும் பாக்குறதும் இதோட அண்ணன்தான். சர்வர் எவ்ளோ நேரத்துல பதில் சொல்லுதுன்னு பரவல் படம். சராசரி சூப்பரா இருக்கும், ஓரத்துல நாலு புள்ளி மட்டும் தனியா நிக்கும். கஸ்டமர் திட்டுறது அந்த நாலுக்காகத்தான்.

குறை இல்லாம இல்ல. "4 3/4 அங்குல பென்சில் எத்தனை?"ன்னு மட்டும் கேக்குற ஒர்க்‌ஷீட்டைக் கிழிச்சுப் போடலாம். எக்ஸை எண்ண பின்னம் எதுக்கு? "மிக நீளத்துக்கும் மிகக் குட்டைக்கும் வித்தியாசம் எவ்ளோ?"ன்னு கேளுங்க. விடை அரை அங்குலம். அப்பத்தான் கோட்டைப் படிச்சாகணும்.

"கல்யாணமே ஆகல, உனக்கு எதுக்குடா?"ங்கிறவங்களுக்கு: அண்ணே, முதல்ல ஒரு ஸ்கேலை எடுத்து பையன் கைல குடுங்க. டியூஷனை அப்புறம் பாத்துக்கலாம்.