நெல் குவியலுக்குள் சூடு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குறுவை அறுத்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் நெல்லைக் களத்தில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் தார்ப்பாயை விலக்கிக் கையை உள்ளே விட்டால் சுடுகிறது, புளித்த வாடையும் அடிக்கிறது. வெயிலே இல்லாதபோது சூடு எப்படி வந்தது என்று கேட்டதற்கு, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், "நெல்லு மூச்சு விடுதும்மா" என்றானாம். அவன் சொல்வது சரியா, இந்த நெல்லில் விதைக்கு ஒதுக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

பதில்: மகன் சொன்னது சரி. நெல்லுக்கு உயிர் உண்டு. உயிருள்ள எதுவும் மூச்சு விட்டே ஆக வேண்டும்.

ஒரு நெல்மணியில் சோறாகும் வெள்ளைப் பகுதி முழுக்க மாவுச்சத்து. மணி முற்றும்போதே அந்தப் பகுதியின் செல்கள் இறந்துவிடுகின்றன. நுனியில் ஓர் ஓரமாக இருக்கும் முளைக்கருவும், தவிட்டுத் தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கும்தான் உயிரோடு இருப்பவை. மில்லில் தீட்டும்போது முளைக்கரு தவிட்டோடு போய்விடுவதால்தான் அரிசியை விதைத்தால் முளைப்பதில்லை.

உயிருள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் உள்ளன. செல்லின் ஆற்றல் நிலையம் என்று பள்ளிப் பாடத்தில் படிப்பது இதைத்தான். மாவுச்சத்து முதலில் சர்க்கரையாக உடைகிறது. அந்தச் சர்க்கரை ஆக்சிஜனோடு சேர்ந்து படிப்படியாகச் சிதைந்து, கடைசியில் கரியமில வாயுவும் நீரும் ஆகிறது. இதன் முக்கியமான கட்டங்கள் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கின்றன. வெளிப்படும் ஆற்றலில் ஒரு பங்கை ஏ.டி.பி. என்ற பொருளாக மாற்றிச் செல் தன் வேலைக்குச் செலவழிக்கிறது. பாதிக்கும் மேலான பங்கு வெப்பமாக வெளியேறிவிடுகிறது. கையைச் சுட்டது இந்த வெப்பம்தான்.

இதில் நெல் மட்டும் பங்காளி இல்லை. ஈர நெல்லின் மேல் வளரும் பூஞ்சைகளும் இப்படியேதான் மூச்சு விடுகின்றன. குவியலின் சூட்டில் அவற்றின் பங்கு பெரிது. நடுக்குவியலில் காற்று தீர்ந்துபோனால் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரை சிதையத் தொடங்கும். புளித்த வாடை அதனால் வந்தது.

மூச்சு விடும் வேகத்தை முடிவு செய்வது ஈரம். புதிதாக அறுத்த நெல்லில் 20 முதல் 25 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கும். அந்த ஈரத்தில் செல்கள் வேகமாக வேலை செய்யும். 100 கிராம் சர்க்கரை முழுவதும் சிதைந்தால் 60 கிராம் நீர் உண்டாகும். அந்த நீர் நெல்லை மேலும் ஈரமாக்கும், ஈரம் மூச்சைக் கூட்டும், மூச்சு சூட்டைக் கூட்டும். தார்ப்பாய் போட்டு மூடிய குவியலில் இந்தச் சுழற்சி நிற்காது. பயிர் பல மாதம் வெயிலில் சேர்த்து வைத்த மாவுச்சத்து இப்படிக் கரைவதால் எடையும் குறையும். முளைக்கரு சூட்டில் வெந்தால் விதை செத்துவிடும்.

எனவே கை சுட்ட நடுக்குவியல் நெல்லை விதைக்கு எடுக்க வேண்டாம். சூடு ஏறாத, வாடை இல்லாத ஓரத்து நெல் இருந்தால் அதைத் தனியே பிரித்துக் காய வைத்து, முளைப்புத் திறன் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். பூஞ்சை பிடித்த நெல்லை வீட்டுச் சாப்பாட்டுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

விதை நெல்லை 12 முதல் 13 சதவீத ஈரப்பதம் வரை உலர்த்த வேண்டும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். பகல் 12 மணி முதல் 3 மணி வரையான கடும் வெயிலில் விதையைப் போடக் கூடாது. அந்தச் சூடும் முளைக்கருவைக் கெடுக்கும். காய்ந்ததும் ஆறவிட்டு மூட்டை பிடித்து, சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். மழை விடாவிட்டால் குவித்து மூடுவதைவிட, கூரைக்கு அடியில் மெல்லப் பரப்பி மின்விசிறி போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பது நல்லது.

ஈரத்தைப் பார்க்க ஈரமானி இல்லாத வீட்டில் ஓர் எளிய வழி உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பாகம் நெல் போட்டு, வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். ஒட்டாவிட்டாலும் விதை நெல்லுக்கு இன்னும் கொஞ்சம் காய்ச்சல் தேவைப்படலாம். பல்லில் கடித்து 'டக்'கென்று உடைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கமும் இதற்குத்தான்.

ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது விதை சேமிப்பில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காய்ந்த விதை மூச்சை அறவே நிறுத்திவிடுவதில்லை. மிக மெதுவாக விடுவதால், கையிருப்பு மாவுச்சத்து அடுத்த பட்டம் வரை மிஞ்சுகிறது.

முளைப்புத் திறன் பார்ப்பதை மகனிடமே ஒப்படைக்கலாம். புது நெல்லுக்குச் சில வாரம் உறக்கம் இருக்கும் என்பதால், உடனே பார்க்காமல் அது தெளிந்த பின் செய்ய வேண்டும். பார்த்து எடுக்காமல் கைக்கு வந்த 100 நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். 14ஆம் நாள் நல்ல முளைகளை எண்ணினால் 80க்குக் குறையக் கூடாது. சான்று பெற்ற நெல் விதைக்கும் அதுதான் அளவு. குறைந்தால் அந்த நெல்லை விதைக்கு வைக்காமல், அடுத்த பட்டத்துக்கு வேறு விதை வாங்குவதே லாபம்.