பற்றரியில பிழையில்லை

மூன்று மாதத்துக்குள் என்ர மோட்டார்சைக்கிளுக்கு இரண்டு பற்றரி மாற்றினேன். இரண்டாவதும் படுத்த அன்று வண்டி தங்கச்சியிடம். ரியூசன் முடிந்து வாற வழி, இரவு எட்டு மணி, மழை. செல்ஃப் அடித்தால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். உதைத்து ஸ்ரார்ட் பண்ணக் கிக்கரும் இல்லாத வண்டி. முக்கால் மணித்தியாலம் அந்த ஒழுங்கையில் தனிய நின்றாள்.

கராஜில் சொன்னது: "பற்றரி போட்டுது தம்பி, இந்தமுறை நல்லதாப் பார்த்துப் போடுங்கோ."

மூன்றாவதை வாங்க முதல், பக்கத்து வீட்டு அண்ணையிடம் மல்ரிமீற்றர் இரவல் வாங்கினேன். பற்றரியைச் சார்ஜ் பண்ணி, ஒரு இரவு அப்படியே விட்டுப் பார்த்தால் 12.6 வோல்ற். அது நல்ல பற்றரியின் கணக்கு. பிறகு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, அக்சிலேற்றரைக் கொஞ்சம் முறுக்கியபடி அளந்தேன். 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏறவேண்டும். ஏறவில்லை, மெல்ல மெல்ல இறங்கியது. அப்ப பற்றரியில பிழையில்லை. அதுக்குச் சாப்பாடு வரேல்லை.

அடுத்தது எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்குகிற சுருள். அதிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வருகிறது. பிளக்கைக் கழற்றி, எஞ்சின் ஓட, மீற்றரை ஏசிக்கு மாற்றி இரண்டிரண்டாக அளந்தேன். மூன்று சோடியும் ஒரே அளவு, முறுக்க முறுக்க ஏறியது. (அந்த நேரம் வயரைக் கையால் தொடாதேங்கோ. பற்றரி வயரை எஞ்சின் ஓடேக்க கழற்றவும் வேண்டாம்.) சுருளும் நல்லம். மிஞ்சியது ஏசியை டிசியாக்கி, அளவுக்கு மேல் ஏறாமல் பிடிக்கிற ரெகுலேற்றர். அதன் பிளக்கை இழுத்தேன். ஒரு பின் கருகி, பிளாஸ்ரிக் உருகி, மற்றதெல்லாம் பச்சையாய்ப் பூத்திருந்தது. மழைத்தண்ணி செய்த வேலை. பிளக்கை மாற்றி ஈயம் பற்றவைத்தேன். மீற்றர் 14.1 காட்டியது. செலவு, ஒரு பற்றரி விலையில் பத்தில் ஒன்றும் வராது.

இதில் மெக்கானிக்கைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் வாசலில் பத்து வண்டி நிற்கிறது. அரை மணித்தியாலம் அளந்து பார்த்து, "பத்து நிமிச வேலைதான்" என்று சொன்னால் நாங்கள் எவ்வளவு குடுப்போம்? சாமானுக்குக் காசு குடுக்கிறோம். பிழை பிடிக்கிற மூளைக்குக் குடுப்பதில்லை. பிறகு அவர் சாமான் மாற்றுகிறார் என்று குறை சொல்கிறோம்.

எனக்கு உண்மையில் வெட்கம் வேறொன்றில். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன் நான். மின்காந்தத் தூண்டல், இருவாயி போட்ட சீராக்கிச் சுற்று எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். அது என்ர சீற்றுக்குக் கீழே இருக்கிறதென்று யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்களின் பிள்ளைகள் நாங்கள். அவர்களுக்கு அது பாடமில்லை, தேவை.

எங்களுக்கும் தேவைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டிய பிறகு எத்தனையோ வருசம் பழைய வண்டிகளையே ஓட்டினோம். இன்னும் ஓட்டுகிறோம். வயர் பழசாகும், பிளக் கறள் பிடிக்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் நின்றால் என்ன குறைந்துவிடும்?

தங்கச்சிக்கு நான் முதலில் சொன்னது, "நிண்டால் உடனே எனக்கு அடி" என்றுதான். அவள் கேட்டாள்: "நீ வரும்வரைக்கும் நான் என்ன செய்யிறது? அந்த மீற்றரை எனக்கும் காட்டன்."

போன ஞாயிறு அவளே அளந்தாள். 14.2.